பத்து வருசம்னு சொன்னது யாரு

ஜூலை 4, திங்கள்

காற்று. ஆடி பிறக்க இன்னும் பதிமூன்று நாள் இருக்கிறது, அதற்குள் இந்த ஆட்டம். பெருக்கின வாசலில் பத்து மணிக்கெல்லாம் மறுபடி மண். கொடியில் போட்ட புடவை பக்கத்து வீட்டு முருங்கை மரத்தில்.

இந்த டைரி 2003-ஆம் வருஷத்தது. நான் நர்ஸ் வேலையிலிருந்து ரிட்டயர் ஆன வருஷம் மருந்துக் கம்பெனிக்காரர் கொடுத்தது. இரண்டு வருஷம் பரணில் கிடந்தது. வீணாக்க மனசில்லை. தேதி சரி, கிழமை தப்பு. தினமும் கிழமையை அடித்து எழுதணும். அதுவும் ஒரு வேலை.

கலியபெருமாள் வந்தார். சிமெண்ட் ஃபாக்டரியில் ஓய்வு பெற்றவர்கள் சங்கத்துக்குச் செயலாளர். ஃபோர்மேனாக இருந்தவர். இப்பவும் யாரைப் பார்த்தாலும் ஷிஃப்டுக்கு லேட்டாக வந்தவனைப் பார்க்கிற பார்வை.

"சிஸ்டர், இருவத்தி நாலாந்தேதி அரியலூர்ல மீட்டிங்கு. இன்சூரன்ஸ் கம்பெனி மேனேஜர் வராரு. நீங்க எங்காளுவள ஆஸ்பத்திரிக்கு அழைச்சிட்டுப் போயி பேசுறீங்கல்ல, அதுக்கு ஆவுற செலவையும் பாலிசில சேக்கணும்னு கேக்கப் போறோம். நீங்க என்னென்ன செய்யுறீங்கன்னு ஒரு பக்கம் எழுதிக் குடுங்க."

எழுதிப் பார்க்கிறேன், இங்கேயே:

– வயசானவர் சொல்லத் தெரியாமல் விடுவதை டாக்டரிடம் சொல்வது.
– டாக்டர் சொன்னதை வீட்டுக்காரர்களுக்குப் புரிகிற மாதிரி சொல்வது.
– எந்த மாத்திரை எதற்கு, பழைய மாத்திரையை நிறுத்தணுமா என்று கேட்டு வாங்குவது.
– இன்ஷூரன்ஸ் கவுண்டரில் சண்டை.
– பல்செட்டைத் தொலையாமல் பார்த்துக்கொள்வது.

கடைசியை வாசிக்க வேண்டாம். ஆனால் பாதி வேலை அதுதான்.

செருப்பை மாட்டிக்கொண்டே கலியபெருமாள் சொன்னார்: "அந்த விசாரணைக்காரரும் வராராம் சிஸ்டர். பாஸ்கரன்."

அந்தப் பெயரை ஒரு தடவைதான் எழுதுவேன். இனிமேல் பா. போதும். ஒரு வருஷமாகத் தேடின ஆள் தானாக வருகிறான். இருபது நாள் இருக்கிறது.

ஜூலை 5, செவ்வாய்

அதே காற்று. கண்ணில் தூசி.

நடந்ததை வரிசையாக எழுதி வைக்கணும். மீட்டிங்கில் கோபத்தில் முன்பின்னாகிவிட்டால் அவன் தப்பித்துவிடுவான்.

அண்ணன் மருதமுத்து. ஃபாக்டரி மைன்ஸில் முப்பத்தொரு வருஷம். சங்கத்து ஆட்களுக்கென்று இன்ஷூரன்ஸ் கார்டு வந்து நான்கு வருஷம். அதற்கு அப்புறம்தான் அண்ணனுக்குச் சர்க்கரை கண்டுபிடித்தது. கண்டுபிடித்ததே நான்தான், என் வீட்டுத் தின்பண்டத்தைத் தின்றுவிட்டு ஒரு சொம்புத் தண்ணீரை மூச்சு விடாமல் குடித்தபோது.

போன வருஷம் ஆனியில் வலது காலில் செருப்புக் கடித்த புண். ஆறவில்லை. திருச்சிக்கு நான்தான் கூட்டிப் போனேன், அண்ணியும் கூட. ரத்தக் குழாயில் அடைப்பு, ஆபரேஷன் பண்ணினால் கால் நிற்கும் என்றார்கள். கார்டு இருக்கிறதே என்று தெம்பாகப் படுக்க வைத்தோம்.

மூன்றாம் நாள் இன்ஷூரன்ஸ் தரப்பிலிருந்து பா. வந்தான். தோளில் பை, சட்டைப் பாக்கெட்டில் இரண்டு பேனா. நான் மருந்து வாங்கக் கீழே போயிருந்தேன். திரும்பி வருகிறேன், அண்ணியோடு பெஞ்சில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கிறான். கையில் டீ. என் ஃபிளாஸ்க்கில் நான் வாங்கி வைத்திருந்த டீ.

மறுநாள் தாள் வந்தது. நோயாளிக்குப் பத்து வருஷமாகச் சர்க்கரை, பாலிசிக்கு முன்பே இருந்த நோய், செலவு ஏற்க முடியாது.

பத்து வருஷம். இரண்டே வருஷம்தான். யார் சொன்னது பத்து என்று?

அண்ணியைக் கேட்டேன். "நான் என்னாத்த கண்டேன், அவுரு கேட்டாரு, நான் ஏதோ சொன்னேன்" என்றாள். அது போதாதா? டிஸ்சார்ஜ் வாங்கிக்கொண்டு ஊருக்கு, குன்னத்துக்கு வந்தோம். பதினெட்டு நாளில் பாதம் கறுத்தது. பெரம்பலூர் அரசாங்கப் பெரியாஸ்பத்திரியில் முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள்.

அன்றிலிருந்து நான் அண்ணியோடு பேசுவதில்லை. அந்த ஃபிளாஸ்க்கைப் பழைய சாமான்காரருக்குப் போட்டுவிட்டேன். பா. மட்டும் பாக்கி.

ஜூலை 7, வியாழன்

பெரம்பலூர். ரெங்கசாமி ஐயாவுக்குக் கண் ஆபரேஷன், வலது கண். மைன்ஸில் கம்ப்ரஸர் ஓட்டினவர், காது அரைகுறை. டாக்டர் வலது கண்ணைத் திறங்க என்றால் வலது கையைத் தூக்குகிறார். நான் தோளைத் தட்டித் தட்டிச் சொன்னேன். நல்லபடியாக முடிந்தது. பல்செட் பத்திரம்.

அவருக்கு வார்டில் சாப்பாடு கொடுத்துவிட்டு நடுவில் பெரியாஸ்பத்திரிப் பக்கம் போனேன், என்னோடு வேலை பார்த்தவர்களைப் பார்க்க. ஓ.பி.யில் அதே கூட்டம், அதே வாடை. ஒரு பெண் புருஷனை டாக்டர் மேஜைக்கு முன்னால் தள்ளிக்கொண்டு: "பத்து வருசமா நெஞ்சு வலிங்க டாக்டர், தூக்கமே இல்லீங்க." அவனுக்கு வயசு முப்பது இருக்கும். இருபது வயசிலிருந்தே நெஞ்சு வலியோடு அலைகிறானாம். ஆனால் டாக்டர் தலையைத் தூக்கிப் பார்த்தார். ஸ்டெத்தை எடுத்தார்.

எனக்குச் சிரிப்பு. இந்த வித்தையை இந்தத் தாலுக்காவில் பாதிப் பேருக்குக் கற்றுக்கொடுத்ததே நான்தான். நேற்றுதான் வலி என்று சொன்னால் மாத்திரை, பத்து வருஷம் என்றால் ஸ்டெத். இருபத்தெட்டு வருஷம் நான் வரிசையில் நின்றவர்கள் காதில் ஓதினது. நாள் கணக்குச் சொன்னால் யார் பார்க்கப் போகிறார்கள், வருஷக் கணக்காகச் சொல்லு என்று.

பஸ்ஸில் வந்தபோது பா.வை எப்படிக் கேட்பது என்று யோசனை. முதலில் மரியாதையாக. அப்புறம் மரியாதை இல்லாமல்.

ஜூலை 11, திங்கள்

அண்ணன் வீட்டுக்குப் போனேன். நான்கு தெரு தள்ளி. அண்ணன் கட்டிலில் உட்கார்ந்து சின்ன வெங்காயத்தின் காய்ந்த தாளைக் கிள்ளி ஆய்ந்துகொண்டிருந்தது. இப்போது அதுதான் அதற்கு வேலை. கட்டைக் காலை எனக்குத் தெரியாமல் துண்டால் மூடியது. எத்தனை தடவை நானே கட்டுப் போட்டுவிட்ட கால், என்னிடம் என்ன மறைப்பு.

அண்ணி மோர் கொண்டுவந்து என் பக்கத்தில் வைத்துவிட்டு உள்ளே போனாள். நான் குடித்தேன். நன்றாகத்தான் இருந்தது. சொல்லவில்லை. ஆள் இளைத்துவிட்டாள். அதையும் கேட்கவில்லை.

திருச்சி ஆஸ்பத்திரியில் அண்ணனின் கேஸ் ஷீட் நகல் வாங்கணும். அதில் அண்ணன் சொன்னபடி இரண்டு வருஷம் என்றுதான் இருக்கும். பா. எழுதினது பத்து. இரண்டையும் மேடையில் பக்கத்தில் பக்கத்தில் காட்டினால் முடிந்தது அவன் கதை. நகலுக்கு நோயாளி கையெழுத்து போட்ட கடிதம் வேண்டும். எழுதிக்கொண்டே போயிருந்தேன்.

அண்ணன் கையெழுத்துப் போடவில்லை. பேனாவைக் காதில் செருகிக்கொண்டு அடுத்த வெங்காயத்தை எடுத்தது.

"எதுக்கு தங்கச்சி அதெல்லாம். போன காலு வரவா போவுது."

"கால் வராது. அவன் வேலை போகும்."

"அந்தாளு வேல போனா ஒனக்கு என்னா."

"எனக்குத் தூக்கம் வரும்."

போட்டது. மைன்ஸ் ரிஜிஸ்டரில் போடுகிற மாதிரி பெயருக்குக் கீழே இரண்டு கோடு.

ஜூலை 14, வியாழன்

ரெங்கசாமி ஐயா கட்டுப் பிரித்தாயிற்று. என்னைப் பார்த்து, "நீ இவ்வளவு வயசானவளா சிஸ்டரு" என்றார். பார்வை வந்ததற்கு இதுதான் நன்றி.

மீட்டிங்கில் பா.விடம் கேட்க:
1. ஒன்றும் அறியாத பொம்பளையிடம் தனியாகப் பேச்சுக் கொடுத்தது ஏன்.
2. நர்ஸ் நான் இருக்கும்போது என்னிடம் கேட்காதது ஏன்.
3. உன் வீட்டில் எத்தனை கால்.

மூன்றாவது கேள்வியை எழுதிவிட்டு நன்றாக இருந்தது. நாலு தடவை படித்தேன்.

பால்காரருக்குப் பாக்கி இல்லை. கேஸ் புக் பண்ணணும். முழங்கால் வலிக்குத் தைலம் தீர்ந்தது.

ஜூலை 18, திங்கள்

திருச்சி. காலை ஐந்து நாற்பது பஸ். பெரம்பலூரில் மாறினேன். சத்திரம் பஸ் ஸ்டாண்டில் ஒரு காபி. வெயில் ஏறவில்லை.

ரெக்கார்டு ரூமில் ஒரு சின்னப் பெண். அண்ணன் கடிதத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், அரை மணி நேரம் கழித்து ஃபைல் கட்டைக் கொண்டுவந்தாள். நகல் எடுத்துக் கொடுத்தாள். மாடிப்படிக்குக் கீழே நின்று படித்தேன்.

எழுதுகிறேன். இதை எழுதாமல் மற்றதை எழுதினால் இந்த டைரி எதற்கு.

முதல் பக்கம், அட்மிஷன் அன்று டூட்டி டாக்டர் எழுதினது. சர்க்கரை நோய்: பத்து வருஷமாக. தகவல் சொன்னவர்: நோயாளியின் தங்கை, ஓய்வு பெற்ற ஸ்டாஃப் நர்ஸ். தகவல் நம்பத் தகுந்தது.

பா. வந்தது மூன்றாம் நாள். இது முதல் நாள்.

படியில் உட்கார்ந்தேன். ஞாபகம் வந்தது, எல்லாம். எமர்ஜென்சியில் எட்டுப் பேர் காத்திருந்தார்கள். டூட்டி டாக்டர் சின்ன வயசுப் பையன், தலையைத் தூக்காமலே, "சுகர் எவ்வளவு நாளா?" நான் வாயைத் திறந்தேன். "பத்து வருசமா டாக்டர். ரொம்ப அவதி." அவன் தலையைத் தூக்கினான். உடனே கட்டில் கொடுத்தான். எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

பெரியாஸ்பத்திரியில் யாரும் அந்த வருஷத்தை எழுத மாட்டார்கள். கேட்பார்கள், விட்டுவிடுவார்கள். இங்கே எழுதிக்கொண்டான்.

வரும்போது எந்த பஸ்ஸில் ஏறினேன் என்று நினைவில்லை.

ஜூலை 19, செவ்வாய்

ஒன்றும் இல்லை. சோறு வைத்தேன். சாப்பிடவில்லை.

ஜூலை 20, புதன்

கலியபெருமாள் முக்குக் கடைக்குப் போன் பண்ணினார், கடைக்காரர் வந்து கூப்பிட்டார், போகவில்லை. தலைவலி என்று சொல்லச் சொன்னேன்.

நம்பத் தகுந்தது. யார் அந்த டாக்டர், அவன் எப்படி நம்பினான்? நர்ஸ் சொன்னால் நம்பிவிடுவதா? ஒரு ரத்தப் பரிசோதனைச் சீட்டு கேட்டிருந்தால்? இப்போது அவன் மேல் கோபம். அவன் பெயர் தாளில் இருக்கிறது. கிறுக்கல், படிக்க முடியவில்லை.

எனக்கே தெரிகிறது நான் என்ன செய்கிறேன் என்று. ஆள் தேடுகிறேன்.

ஜூலை 23, சனி

காற்று நின்றது. புழுக்கம்.

தாளை அடுப்பில் போடப் போனேன். போடவில்லை. நாலாக மடித்து இந்த டைரியில், இந்தப் பக்கத்தில்.

நாளை மீட்டிங். போகாமல் இருக்கலாம். போய் உண்மையைச் சொல்லலாம். சொன்னால் மேனேஜர் என்ன சொல்வான்: துணைக்கு வந்தவளே கெடுத்திருக்கிறாள், இதற்கு நாங்கள் ஏன் செலவு ஏற்கணும். ரெங்கசாமி ஐயா வலது கையைத் தூக்கிக்கொண்டு தனியாக நிற்பார்.

இதுவும் சாக்குத்தான். எனக்கு வெட்கம். அதுதான் முதல்.

ஜூலை 24, ஞாயிறு

அரியலூர். கல்யாண மண்டபம், சாப்பாட்டுக் கூடம். வழியில் ஒரு போர்டு, மாவட்டத்தை மறுபடி பெரம்பலூரோடு சேர்த்துவிட்டதால், அரியலூர் மாவட்டம் என்று எழுதினதில் பாதியை அழித்து பெரம்பலூர் என்று எழுதியிருந்தது. பெயின்ட் போதவில்லை போல, இரண்டும் தெரிகிறது.

இருநூறு பேர் இருப்பார்கள். எல்லாம் மைன்ஸ், கில்ன் சூளை, பேக்கிங் ஆட்கள். இருமல் சத்தம். கலியபெருமாள் அண்ணனையும் ஆட்டோ வைத்துக் கூட்டி வந்திருந்தார், முன் வரிசையில், ஊன்றுகட்டையோடு. நான் எதிர்பார்க்கவில்லை. அண்ணி வரவில்லை.

நான் எழுதிக் கொடுத்த பக்கத்தைக் கலியபெருமாள் வாசித்தார். மேனேஜர் என்னைப் பார்த்து நல்லபடியாகத்தான் பேசினார். "மேடம், பாலிசியில கட்டிலுக்கு இடமிருக்கு, மருந்துக்கு இடமிருக்கு, டாக்டர் ஃபீஸுக்கு இடமிருக்கு. கூட வந்து பேசுறதுக்கு இடமில்லீங்க. வீட்டாளுங்க இருக்காங்கள்ல."

அவருக்குப் பக்கத்தில் பா. அதே பை. ஒரு வருஷத்தில் முன் தலை ஏறியிருக்கிறது.

எழுந்தேன். எழுந்திருக்கும்வரை என்ன சொல்லப் போகிறேன் என்று எனக்குத் தெரியாது, இது சத்தியம்.

"வீட்டாளு இருந்தாங்க சார். எங்க அண்ணி இருந்தாங்க. ஒலகம் தெரியாதவங்க. அவங்ககிட்ட தனியா ஒக்காந்து, எங்க டீயவே குடிச்சிக்கிட்டு, ஏதோ கேட்டு எழுதிட்டுப் போனாரு இவரு. எங்க அண்ணன் முன்னாடியே ஒக்காந்திருக்கு, பாருங்க. பேச ஒரு ஆளு இல்லாததால போன காலு அது."

கூடம் எழுந்தது. கலியபெருமாள் கையமர்த்தியும் அடங்கவில்லை. "எந்திரிச்சி பதில் சொல்லுய்யா" என்று பேக்கிங் ஆட்கள் பக்கமிருந்து சத்தம். ஒருவர் துண்டை உதறிக்கொண்டு மேடைப் பக்கம் வந்துவிட்டார்.

பா. எழுந்தான். பையைத் திறந்தான். ஒரு தாளைப் பாதி வெளியே எடுத்தான். எனக்குத் தெரிந்த தாள். மேல் ஓரத்தில் அதே ஆஸ்பத்திரி முத்திரை. என்னைப் பார்த்தான். முன் வரிசையில் அண்ணனைப் பார்த்தான். மறுபடி உள்ளே வைத்து ஜிப்பை இழுத்தான்.

"நான் சொல்றதுக்கு ஒண்ணும் இல்லீங்க."

அவ்வளவுதான். இருநூறு பேர் அவனைக் காறித் துப்பாத குறை. நான் ஒரு வருஷமாக மனசில் போட்டுப் பார்த்த காட்சி அப்படியே நடந்தது, ஒரு சொல் குறையாமல். வீட்டில் எத்தனை கால் என்கிற கேள்வியை மட்டும் விட்டுவிட்டேன்.

மேனேஜர் பயந்துவிட்டார். ஒரு வருஷத்துக்குச் சோதனையாகச் சேர்க்கிறோம் என்றார். ஒரு அட்மிஷனுக்கு ஒரு துணையாள். ஆள் பெயரைச் சங்கம் பதியணும். பா. இனி இந்தப் பக்கம் விசாரணைக்கு வரமாட்டானாம். கைத்தட்டல். முதல் பெயர் என் பெயர். எழுந்து கும்பிடச் சொன்னார்கள். கும்பிட்டேன்.

பஸ் ஸ்டாண்டில் அவன் எனக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தான். நானே போனேன்.

"அந்தத் தாள ஏன் எடுக்கல?"

"எடுத்தா இந்தத் துணையாள் விசயம் பாஸ் ஆயிருக்காதுங்க." குரலில் கோபமும் இல்லை, ஒன்றும் இல்லை. "எங்கப்பாவும் ஒங்க சங்கத்து ஆளுதாங்க. கில்ன்ல இருந்தவரு. நான் ஊர் ஊரா சுத்துறவன். அவர ஆஸ்பத்திரிக்கு யாரு அழைச்சிட்டுப் போவா."

"எங்க அண்ணி ஒங்ககிட்ட என்னா சொன்னாங்க அன்னைக்கு?"

"அந்தம்மாவா? ஒண்ணும் சொல்லலீங்க. சாப்புட்டீங்களா தம்பின்னு கேட்டாங்க. டீ குடுத்தாங்க."

ஜெயங்கொண்டம் பஸ் வந்தது. ஏறிவிட்டான்.

ஜூலை 25, திங்கள்

என்னைக் காப்பாற்றினானாம். யார் கேட்டது? எடுத்துக் காட்டியிருந்தால் நானும் நாலு பேர் முன்னால் அடிபட்டு முடித்திருப்பேன். இப்போது பாஸ்கரன் என்று முழுப் பெயரையும் எழுத வேண்டியிருக்கிறது. இதைவிட ஒரு மனுஷன் இன்னொரு மனுஷியைப் பழி வாங்க முடியாது.

சாயங்காலம் அண்ணன் வீடு. அண்ணி கடைக்குப் போயிருந்தாள். அண்ணன் வெங்காயத்தை விட்டுத் தலையைத் தூக்கவில்லை.

"மீட்டிங்குல நல்லா பேசுன."

நானும் கீழே உட்கார்ந்து ஒரு கை வெங்காயத்தை எடுத்தேன்.

"திருச்சில அந்த டாக்டர் தம்பிகிட்டயும் நல்லாத்தான் பேசுன. பத்து வருசம்னு. நான் பக்கத்துலதான படுத்திருந்தேன்." ஒரு வெங்காயத்தை ஆய்ந்து கூடையில் போட்டது. "எனக்குக் காலுதான் தங்கச்சி போச்சு. காது நல்லாத்தான் இருக்கு."

"ஏண்ணே சொல்லல?"

"என்னான்னு சொல்றது. நீ எனக்கு நல்லது செய்யத்தான சொன்ன."

"அண்ணிகிட்ட நான் ஒரு வருசமா பேசல. அதுக்காவது சொல்லியிருக்கலாம்ல."

அடுத்த வெங்காயத்தை எடுத்தது. அண்ணன் மேலும் கோபம் வந்தது. தங்கச்சியைக் காப்பாற்றப் பெண்டாட்டியைப் பலி கொடுத்த ஆள். என் பங்குப் பழி முழுவதையும் நானே வைத்துக்கொள்கிறேன், ஆனால் இந்தத் துளி அண்ணனுடையது.

அண்ணி வருவதற்குள் வந்துவிட்டேன்.

ஆகஸ்ட் 3, புதன்

ஆடிப் பதினெட்டு. குளித்து, விளக்கேற்றி, சித்ரான்னம் இரண்டு வகை. அண்ணன் வீட்டுக்கு ஒரு தூக்கு கொடுத்துவிட வேண்டும் என்று கட்டி, அப்படியே நானே தின்றேன்.

சொல்லணும். நாளைக்கு.

ஆகஸ்ட் 12, வெள்ளி

சொல்லவில்லை. ரெங்கசாமி ஐயாவுக்கு இடது கண்ணுக்குத் தேதி. கலியபெருமாள் புது ஃபாரம் கட்டுக் கொண்டுவந்தார். துணையாள் என்று ஒரு கட்டம் அச்சடித்திருக்கிறார்கள். பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது.

ஆகஸ்ட் 26, வெள்ளி

அண்ணன் ஆள் விட்டது. ஓடினேன். அண்ணி பாயில் சுருண்டு கிடந்தாள், வலது விலாவுக்குக் கீழே கையை அமுக்கிக்கொண்டு. எத்தனை நாளாக என்று கேட்டதற்கு வாயே திறக்கவில்லை. அண்ணன்தான், "கொஞ்ச நாளாவே சோறு எறங்கல, சொல்ல மாட்டேங்குறா."

உள்ளூர் ஸ்கேனில் பித்தப்பையில் கல். ஆபரேஷன், திருச்சி. சங்கத்துக் கார்டில் பெண்டாட்டிக்கும் உண்டு. ஃபாரத்தில் துணையாள் கட்டத்தில் கலியபெருமாளே என் பெயரை எழுதினார். புதுத் திட்டத்தில் முதல் ஃபாரம் இதுதானாம். பெருமையாகச் சொன்னார்.

எடுத்து வைக்க: கார்டு, ஸ்கேன், இரண்டு புடவை, சொம்பு. புது ஃபிளாஸ்க் வாங்கினேன். அந்தத் தாள்.

ஆகஸ்ட் 29, திங்கள்

ஆஸ்பத்திரி பெஞ்சில் எழுதுகிறேன். அண்ணிக்குப் புதன்கிழமை ஆபரேஷன், அதுவரை வீட்டுக்குப் போய் வரச் சொல்லிவிட்டார்கள். கையெழுத்துக்குக் காத்திருக்கிறேன். மறப்பதற்குள்.

அதே எமர்ஜென்சி. வேறு டாக்டர், ஒரு பெண். கேஸ் ஷீட்டைத் திறந்து, "எவ்வளவு நாளாம்மா வலி?"

அண்ணி என்னைப் பார்த்தாள். ஒரு வருஷம் கழித்து இப்போதுதான் நேராகப் பார்க்கிறாள்.

"நீயே சொல்லு தவமணி. நான் வாயத் தொறந்தா ஆவாது. நான் பேசித்தான் அவுரு காலு போச்சு."

டாக்டர் பேனாவோடு காத்திருந்தாள். அண்ணி வலியை வாயில் அடைத்துக்கொண்டு ஒரு மாசத்துக்கு மேல் கிடந்தது ஏன் என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. டாக்டரிடம் பேச அவளுக்குப் பயம். அந்தப் பயத்தைக் கொடுத்தவள் நான்.

"இல்ல அண்ணி. பத்து வருசம்னு சொன்னது நான். நான்தான் சொன்னேன்."

டாக்டர் எழுதத் தொடங்கிவிட்டாள். பேனா தாளில் பட்டதைப் பார்த்ததும் பாய்ந்து அவள் மணிக்கட்டைப் பிடித்துவிட்டேன். இருபத்தெட்டு வருஷத்தில் எந்த டாக்டர் கையையும் நான் தொட்டதில்லை.

"எழுதாதீங்க டாக்டர். அது வேற. இவங்கள கேளுங்க. இவங்க சொல்றத மட்டும் எழுதுங்க."

டாக்டர் என்னைப் பைத்தியம் என்று நினைத்திருப்பாள். அண்ணிதான் என் கையை அவள் மணிக்கட்டிலிருந்து எடுத்துவிட்டாள். அப்புறம் டாக்டர் பக்கம் திரும்பினாள்.

"ஆடி பொறந்து நாலாம் நாளுங்க. மதியம் சாப்புட்ட ஒடனே. அதுக்கு முன்னாடி ஒரு நாளும் இல்லீங்க."

டாக்டர் எழுதினாள். நான் எட்டிப் பார்த்தேன். தகவல் சொன்னவர்: நோயாளியே.

ஸ்கேனுக்கு உட்கார்ந்திருந்தபோது தாளை எடுத்து அண்ணி மடியில் வைத்தேன். இங்கிலீஷ் தெரியாது அவளுக்கு. எந்த வரி என்று விரலால் காட்டினேன், படித்துச் சொன்னேன், நம்பத் தகுந்தது வரைக்கும். புது ஃபிளாஸ்க்கிலிருந்து டீ ஊற்றிக் கொடுத்தேன். வாங்கிக் குடித்தாள். டம்ளரைக் கழுவி என்னிடமே கொடுத்தாள்.

"ஒரு வருசம் நீ எங்கூட பேசல."

"ஆமா அண்ணி."

"இந்த ஆபரேசன் முடியட்டும். அதுக்கப்புறம் ஒரு வருசம் எம் மொற."

சொல்லிவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு கிழவியிடம் திரும்பி, எந்த ஊரு என்று கேட்டுப் பேச ஆரம்பித்துவிட்டாள். இன்னும் பேசிக்கொண்டிருக்கிறாள்.